ஒரே அடுப்பு விதி

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சௌடாம்பிகா நகரில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் திறக்க ஆள் இருக்காது. எல்லோரும் மூக்கம்மாளிடம் போயிருப்பார்கள்.

மூக்கம்மாள் சாமியும் இல்லை, ஜோசியக்காரியும் இல்லை. கோயம்புத்தூரின் கிழக்குக் கோடியில் இருந்த அந்த நகரின் வீட்டு ஆபத்துக் கழிவு மையத்தில், தகரக் கூரைக்கு அடியில் நிற்கிற பீரோ அளவு இயந்திரம். உப்பிப்போன பேட்டரி, மீந்துபோன பெயின்ட், நாள் கடந்த மருந்து, கழிவறை ஆசிட் என்று வீட்டில் வைத்திருக்கவும் முடியாமல் குப்பையில் போடவும் கூடாமல் இருக்கிற சாமான்களைக் கொண்டுபோய் அதன் தட்டில் வைக்க வேண்டும். கதவு மூடிக்கொள்ளும். அரை நிமிஷம் மோந்து பார்க்கும். ஒரு மணி அடிக்கும். பிறகு திரையில் வரிவரியாக எழுத்துகள் வரும். அவற்றை உரக்கப் படிப்பதுதான் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த தன்யஸ்ரீயின் வேலை.

தன்யஸ்ரீக்கு வயது ஐம்பத்தொன்று. அந்தத் தலைமுறைக்காரர்களுக்கெல்லாம் தன்யஸ்ரீ, யஸ்வந்த், மிருதுளா என்று பழைய காலத்துப் பெயர்கள்தான். இப்போது பிறக்கிற பிள்ளைகளுக்கு நாச்சம்மாள், சென்னியப்பன் என்று நாகரிகமாக வைக்கிறார்கள். பெயர் பழசானாலும் தன்யஸ்ரீயின் குரல் வெண்கலம். காற்புள்ளி இருக்கிற இடத்தில் நிறுத்தி, சுவாரசியமான வார்த்தைக்கு முன்னால் ஒரு மூச்சு விட்டுப் படிப்பாள். வீட்டில் ஒரு ஆபத்தும் இல்லாதவர்கள்கூடக் கடிகாரத்து பேட்டரி ஒன்றைக் கழற்றி எடுத்துக்கொண்டு அதைக் கேட்க வருவார்கள்.

குடிவந்து ஒரு வாரமே ஆன ஒருவர் ஒரு நாள் கரப்பான் மருந்து பாட்டிலைத் தட்டில் வைத்துவிட்டு, உள்ளே இப்போது இருப்பதைச் சொன்னால் போதாதா, பாட்டிலின் பூர்வ கதை எதற்கு என்று கேட்டார்.

"நம்மூர்ல எந்தப் பாட்டிலுங்க ஒரே ஜென்மத்தோட போகுது?" என்றாள் தன்யஸ்ரீ. "ஊறுகாய் தீர்ந்தா அதுல பெயின்ட் ஆயில் ஊத்துவோம். ஆயில் தீர்ந்தா கழுவி வெல்லம் போடுவோம். அப்படி ஒருத்தர் வெல்லத்தப் போட்டு டீ குடிச்சு, ஆஸ்பத்திரியில கெடந்தாரு. அப்பறம்தான் இந்த மெஷினே வந்துது. மேல என்ன, அதுக்குக் கீழ என்ன, அதுக்கும் கீழ என்னன்னு அடுக்கடுக்கா மோந்து சொல்லும். எந்தெந்த வீட்டுக் காத்து பட்டிருக்குன்னும் சொல்லும்."

அதை ஊரறியப் படிக்க வேண்டுமா என்று அவர் தயங்கினார்.

"சட்டமுங்க. ஆபத்த மறைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு அவள் திரையைப் பார்த்தாள். "மேல் அடுக்கு, கரப்பான் மருந்து. ரெண்டாவது, மல்லிகை சென்ட். மூணாவது... பிராந்தி."

வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற மனைவி பிராந்தியைக் கண்டுகொள்ளவே இல்லை. மல்லிகை சென்ட் யாருக்கு என்று மட்டும் கேட்டாள்.

இப்படித்தான் போகும். சர்க்கரையைத் தொட்டுப் பதினெட்டு வருஷமாச்சு என்று சொல்லிக்கொண்டிருந்த டியூஷன் மாஸ்டரின் ஆசிட் பாட்டிலில் ஐந்து அடுக்கு ஜாங்கிரிப் பாகு இருந்தது. தினமும் வீட்டிலேயே அரைக்கிறேன் என்று பெருமை பேசியவளின் டப்பாவில் கடை இட்லி மாவு. தன்யஸ்ரீ ஒரு வரியைக்கூட விட்டதில்லை.

ஒரே ஒரு முறை, படித்த வரியை விட்டிருக்கலாமோ என்று அவளுக்குத் தோன்றியது. புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண், மாமியாரோடு வந்து, பழைய பவுடர் டப்பாவில் நகப்பூச்சுக் குப்பிகளைக் கொண்டுவந்தாள். இரண்டாவது அடுக்கு, வலிப்பு மாத்திரை. தன்யஸ்ரீ மாத்திரையின் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தாள். மாமியார் அங்கேயே திரும்பிப் பார்த்தார். அடுத்த மாதம் அந்தப் பெண் அம்மா வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். நான் என்ன செய்வது, விதி இருக்கிறது என்று தன்யஸ்ரீ கணவனிடம் சொன்னாள். விதியாக இருந்தாலும் கொஞ்சம் மெதுவாகப் படித்திருக்கலாம் என்று யஸ்வந்த் சொன்னார். இரண்டு நாள் அவள் அவரோடு பேசவில்லை.

பேசாமல் இருப்பது தன்யஸ்ரீக்குப் பழக்கமான வேலை. யஸ்வந்தின் அக்கா மிருதுளாவோடு அவள் பேசி ஒன்பது வருஷம் ஆகிறது. மிருதுளாவின் வீடு இரண்டே தெரு தள்ளித்தான்.

காரணம் பால். தன்யஸ்ரீயின் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்தன்று நாத்தனார்தான் பால் காய்ச்ச வேண்டும். மிருதுளா அப்போது கல்லூரியில் வேதியியல் பேராசிரியை. தேர்வு மேற்பார்வை முடித்துவிட்டுக் கிளம்பியவளின் கார் பாலத்தில் மாட்டிக்கொண்டது. நல்ல நேரம் முடிய நாலு நிமிஷம் இருந்தபோது தன்யஸ்ரீ அடுப்பைப் பற்ற வைத்துவிட்டாள். பால் பொங்கிய அதே நொடியில் மிருதுளா சீர்த்தட்டோடு வாசலில் நின்றாள். தட்டை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். அவ்வளவுதான்.

ஆனால் ஊருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. சண்டை வந்து ஆறு மாதம் கழித்து யஸ்வந்த் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவைக் கொண்டுவந்து சமையல் மேடையில் வைத்தார். உள்ளே வெந்தயக் குழம்பு. "அக்கா குடுத்துவிட்டா. நீ தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே, அப்பறம் அவளுக்கு மானம் போயிரும்" என்றார். தன்யஸ்ரீ முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் தன் மோட்டார் பட்டறைக்குப் போனதும் மூடியைத் திறந்து சாப்பிட்டாள். பிறகு டப்பாவைக் கழுவி வெறுமனே திருப்பிக் கொடுத்தாள். பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாதது இல்லை. தெரிந்துதான் செய்தாள். அவள் இறங்கி வந்துவிட்டாள், நான் வரவில்லை என்பதற்கு அந்தக் காலி டப்பாதான் சாட்சி.

அதன் பிறகு டப்பா வந்துகொண்டே இருந்தது. நாலு மாதத்துக்கு ஒரு முறை, சில சமயம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. தன்யஸ்ரீ சாப்பிட்டாள், கழுவினாள், வெறுமனே அனுப்பினாள். ஒன்பது வருஷமாக அந்தத் தெருக்களிலேயே மிகுந்த நிம்மதியோடு தூங்கியவள் அவள்தான்.

ஒரு சனிக்கிழமை யஸ்வந்த் யாருடைய மோட்டாரையோ பார்க்கப் பல்லடம் போயிருந்தார். மையத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில் தன்யஸ்ரீ பழைய ஸ்கூட்டரிலிருந்து கழற்றிய மூன்று பேட்டரிகளைப் போட ஏதாவது தேடினாள். கைக்கு எட்டியது அந்த ஐஸ்கிரீம் டப்பா. முந்தின நாள்தான் அதன் மூடி விரிசல் விட்டிருந்தது. இனி அனுப்ப லாயக்கில்லை என்று பேட்டரிகளை அதிலேயே போட்டு எடுத்துக்கொண்டாள். சாப்பாட்டு டப்பாவில் கழிவு கொண்டுவராதீர்கள் என்று வாரம் தவறாமல் ஊரைத் திட்டுகிறவள் அவள்.

மையத்தில் முதல் வேலையாக அதைத் தட்டில் வைத்துவிட்டுக் கவுன்ட்டரில் உட்கார்ந்தாள். மணி அடித்தது. வரிசை காதைத் தீட்டிக்கொண்டது. யாருடைய டப்பா என்ற நினைவே இல்லாமல் தன்யஸ்ரீ வழக்கமான குரலில் ஆரம்பித்தாள்.

"மேல் அடுக்கு, லித்தியம். அதற்குக் கீழ், நாற்பத்திரண்டு உணவு அடுக்குகள்." இது புதிது என்று நிமிர்ந்து பார்த்து, ஒரு மூச்சு விட்டு, மேலே படித்தாள். "வெந்தயக் குழம்பு, வீட்டு எண் பதினேழுக்குள் வந்தது. எலுமிச்சை ஊறுகாய், வீட்டு எண் நாற்பத்தொன்றுக்குள் சென்றது. தட்டைப்பயறு கடைசல், பதினேழுக்கு. பருப்புப் பொடி, நாற்பத்தொன்றுக்கு..."

பதினேழு தன் வீடு என்பது பருப்புப் பொடியில்தான் உறைத்தது. நாற்பத்தொன்று மிருதுளாவின் வீடு. அதற்குள் அந்த இரண்டு எண்களையும் வரிசை முழுக்கத் தெரிந்துகொண்டுவிட்டது. டியூஷன் மாஸ்டர், நிறுத்த வேண்டாம், சட்டம் இருக்கிறது என்று மிகுந்த மரியாதையோடு ஞாபகப்படுத்தினார். தன்யஸ்ரீ நாற்பத்திரண்டு வரியையும் படித்தாள். கடைசி வரி சிவப்பில் இருந்தது. ஒரே அடுப்பு விதி பொருந்துகிறது.

மேற்பார்வை அதிகாரி நாச்சம்மாள் உள்ளே இருந்து வந்தாள். இருபத்தேழு வயதுப் பெண். சுருக்கமாகப் பேசுவாள்.

"தன்யாக்கா, ஒரு வீட்டுக்கு வருஷத்துக்கு இவ்வளவு ஆபத்துதான் வெச்சுக்கலாம்னு அளவு இருக்குதில்லீங்களா. அத ஏமாத்தறதுக்குச் சில பேரு ஒரே குடும்பத்த ரெண்டு வீடுன்னு எழுதிக் குடுத்தாங்க. அதனால வந்த விதி இது. ரெண்டு வீட்டுக்கு நடுவுல சாப்பாடு இருபது தடவைக்கு மேல போயிட்டு வந்தா, அது ஒரே அடுப்பு. ஒரே குடும்பம். ஒரே அட்டை."

ஒரே அட்டை என்றால் ஒரே குடும்பத் தலைவி. யார் என்று தன்யஸ்ரீ கேட்டாள்.

"வயசுல மூத்தவங்க."

அதாவது மிருதுளா. இனிமேல் சுவருக்குப் பெயின்ட் வாங்க வேண்டுமானாலும், ஃபேன் மாற்ற வேண்டுமானாலும், ஒரு செத்த பேட்டரியை வெளியே கொண்டுபோக வேண்டுமானாலும் மிருதுளாவின் கட்டைவிரல் வேண்டும். தன் வீட்டில் தன் கையால் பால் காய்ச்சியதற்காக ஒன்பது வருஷம் விட்டுக்கொடுக்காமல் நின்றவளுக்கு அந்த வீடே நாத்தனார் பெயருக்குக் கீழே போகிறது. ஆட்சேபணை இருந்தால் இரண்டு பேரும் திங்கட்கிழமை நேரில் வர வேண்டும், ஐந்து மணிக்கு மேல் பதிவாகிவிடும் என்று சொல்லி நாச்சம்மாள் உள்ளே போனாள்.

பல்லடத்திலிருந்து வந்த யஸ்வந்தை அன்று சாப்பிடக்கூட விடவில்லை. டப்பா வந்தது சரி, வெறுமனேதானே போனது, எலுமிச்சை ஊறுகாய் எப்படிப் போயிற்று என்று தன்யஸ்ரீ கேட்டாள். யஸ்வந்த் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். மோட்டார் காயிலுக்குக் கம்பி சுற்றிச் சுற்றியே வழுக்கையான விரல் நுனிகளை உற்றுப் பார்த்தார்.

"வெறும் டப்பாவ அக்கா கையில எப்படிக் குடுக்கறது? மனசு வரல. நம்ம வீட்டுல இருந்ததக் கொஞ்சம் எடுத்துப் போட்டுக் குடுத்தேன்."

"நான் குடுத்ததா சொன்னீங்களா?"

அவர் மூன்றாவது டம்ளர் தண்ணீரை எடுத்தார். அதுவே போதுமாக இருந்தது. ஆக, தான் இறங்கிவந்துவிட்டதாக மிருதுளா ஒன்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். தன்யஸ்ரீ அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒரே வாக்கியத்தைத் தயார் செய்தாள். ஒரு மணி கடுகுகூட நான் அனுப்பியதில்லை. இதைத் தெருவே கேட்க, காற்புள்ளியில் நிறுத்தி, வெண்கலக் குரலில் சொல்ல வேண்டும். மையத்துக்குப் போகாதே, நானே வேறு வழி பார்க்கிறேன் என்று யஸ்வந்த் நான்கு முறை கெஞ்சினார். திங்கட்கிழமை பொழுது விடிந்ததும் பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மூன்று மணிக்கு மிருதுளா வந்தாள். ஐம்பத்தெட்டு வயது. தலை முழுக்க நரைத்து, அதையும் ஒரு அலங்காரம் போல வாரியிருந்தாள். ஒன்பது வருஷத்தில் தன்யஸ்ரீ அவளை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கவில்லை. கண்ணாடி புதிது. கழுத்து மெலிந்திருந்தது. சனிக்கிழமை இல்லாவிட்டாலும் சுவர் ஓரத்தில் பதினைந்து பேர் ஆளுக்கு ஒரு பேட்டரியோடு நின்றிருந்தார்கள்.

மூத்தவர் முதலில் சொல்லலாம் என்றாள் நாச்சம்மாள்.

மிருதுளா தன்யஸ்ரீயைப் பார்க்காமல் மூக்கம்மாளைப் பார்த்துப் பேசினாள். "ஆட்சேபணை எழுதிக் கையில கொண்டுதான் வந்தேன், கண்ணு. அது நெஜம். ஆனா வர்ற வழியில யோசிச்சேன். வீட்டுக்காரர் போனப்பறம் தனியா ஒருத்திக்கு என்னத்த சமைக்கறதுன்னு நான் பாதி நாள் சமைக்கறதே இல்ல. இவ அனுப்புன டப்பா வந்த அன்னைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டிருக்கேன். பேசாதவதான். ஆனா மறக்கலியே. தின்னுட்டு, எங்களுக்குள்ள ஒண்ணும் இல்லன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

நாச்சம்மாள் தன்யஸ்ரீ பக்கம் திரும்பினாள்.

வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஒரு மணி கடுகுகூட நான் அனுப்பியதில்லை. அவ்வளவும் உண்மை. சொன்னால் வீடு தப்பும். மிருதுளா தட்டை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பியது போல இப்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பிப் போவாள். பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தன்யஸ்ரீக்கு அந்தப் பவுடர் டப்பாப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது. அன்றைக்கும் படித்தது அவ்வளவும் உண்மைதான்.

"ஆமா" என்றாள். குரல் வெண்கலமாக வரவில்லை. "நான்தான் அனுப்பினேன்."

வாழ்க்கையில் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் சொன்ன முதல் பொய் அது. மிருதுளா இப்போதுதான் அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

இரண்டு பேருக்கும் ஆட்சேபணை இல்லை என்றால் எழுதிக்கொண்டு போய்விடுவார்கள் என்று தன்யஸ்ரீ நினைத்தாள். நாச்சம்மாள் இரண்டாம் பக்கத்தைத் திறந்தாள். வாக்குமூலம் கொடுத்தால் கை மணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். அட்டை வாங்கும்போது ஒவ்வொருவரும் உள்ளங்கையை மூக்கம்மாளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். எந்த உணவை எந்தக் கை செய்தது என்று தோல் மணத்தை வைத்து அது சொல்லிவிடும். தேவையில்லை, நான்தான் ஒப்புக்கொண்டேனே என்று தன்யஸ்ரீ திரையை மறைக்கப் பார்த்தாள். நாச்சம்மாள் ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தாள். படிக்கப் படிக்க அவள் புருவம் ஏறியது.

"நாப்பத்தொண்ணுக்குப் போன இருபத்தொரு அடுக்குலயும் உங்க கை இல்லீங்க, தன்யாக்கா."

தன்யஸ்ரீ தலையைக் குனிந்துகொண்டாள்.

"பதினேழுக்கு வந்த இருபத்தொரு அடுக்குலயும் மேடம் கை இல்லீங்க."

தன்யஸ்ரீயின் தலை நிமிர்ந்தது.

"எல்லாம் ஒரே கை. அப்பறம், எல்லா அடுக்குலயும் ஒரு சாமான் கொஞ்சூண்டு கலந்திருக்குது. ஆபத்து எல்லைக்குள்ளதான், பயப்பட வேண்டாம். மோட்டார் வைண்டிங் வார்னிஷ்."

தன்யஸ்ரீதான் முதலில் மிருதுளாவிடம் கேட்டாள். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அவள் நாத்தனாரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"அந்த வெந்தயக் குழம்பு நீங்க அனுப்பலியா அண்ணி?"

"நான் எதுக்கு அனுப்பறேன்? நீதான் மொதல்ல ஊறுகாய் குடுத்துவிட்டேன்னு அவன் வந்து நின்னான். தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே, உனக்கு மானம் போயிரும்னான். நான் கழுவி வெறும் டப்பாவத்தான் திருப்பி அனுப்பினேன்."

"வெறும் டப்பாவா?"

"வெறுமனே" என்றாள் மிருதுளா, கொஞ்சம் வெட்கத்தோடும் கொஞ்சம் பெருமையோடும். "வேணும்னேதான்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் காலியாகவே போய்க்கொண்டிருந்த ஒரு டப்பாவை நடுவில் நின்று ஒரு மனிதன் ஒன்பது வருஷமாக நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறான்.

"அந்த வாசனை" என்று தன்யஸ்ரீ மெதுவாகச் சொன்னாள். "உங்க வீட்டுப் பெருங்காயம்னு நெனச்சேன்."

"உன் நல்லெண்ணெய் சிக்குப் பிடிச்சதுன்னு நான் நெனச்சேன்."

"முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி சொல்லிக் குடுத்த மூக்கு."

"இந்த மூக்குப் பக்கத்துல நாள் முழுக்க உக்காந்திருக்கறவ நீ."

சுவர் ஓரத்தில் டியூஷன் மாஸ்டர் தும்முவது போல முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். நாச்சம்மாள் மட்டும் வேலையிலேயே குறியாக இருந்தாள். இரண்டு வீட்டுக்கும் சமைத்த கை ஒன்று என்றால் ஒரே அடுப்பு விதி இன்னும் கெட்டியாகப் பொருந்துகிறது என்றாள். இருபது தடவை என்ற கணக்கே வேண்டியதில்லையாம். இவர்கள் இருவரும் ஒன்றுமே அனுப்பாததால் ஆட்சேபிக்கவும் இவர்களுக்கு உரிமை இல்லை. சமைத்தவர் மட்டும் ஐந்து மணிக்குள் வந்து, இந்தக் குடும்பத்தில் நான் இல்லை என்று எழுதிக் கொடுக்கலாம். தராவிட்டால் சமைத்த கைதான் தலைவி.

"ஆம்பளைக்குத் தலைவின்னா எழுதுவாங்க?" என்று தன்யஸ்ரீ கேட்டாள்.

"படிவத்துல வேற கட்டம் இல்லீங்க" என்றாள் நாச்சம்மாள்.

மிருதுளாவின் காரில் இரண்டு பேரும் போனார்கள். வழியில் பேசவில்லை. ஆனால் அது பழைய பேசாமை இல்லை. ஒரே ஆளைத் திட்டுவதற்கு இரண்டு பேர் தனித்தனியாக வார்த்தை சேர்க்கிற மௌனம்.

யஸ்வந்தின் பட்டறை வீட்டுக்குப் பின்னால் இருந்தது. குடிவந்த ஒன்பது வருஷத்தில் தன்யஸ்ரீ அதன் உள் அறைக்குப் போனதே இல்லை. வார்னிஷ் நெடி தலைவலி தரும் என்று அவரே சொல்லியிருந்தார். இப்போது மிருதுளா கதவைத் தள்ளினாள். வார்னிஷ் பூசிய காயில்களைச் சூடாக்கி உலர்த்தும் அடுப்பின் மேல் இரண்டு வாணலிகள் இருந்தன. யஸ்வந்த் இரண்டுக்கும் நடுவில் ஒற்றைக் கரண்டியோடு நின்றிருந்தார். வீட்டில் அவர் ஒரு காபி போட்டு அவள் பார்த்ததில்லை. ஒரே வாசலில் இரண்டு பேரும் சேர்ந்து நிற்பதைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அடுத்த கணமே, அவர்கள் முகத்தைச் சரியாகப் பார்த்துவிட்டு, கரண்டியைக் கீழே வைத்தார்.

சுவரில் செம்புக் கம்பியால் ஒரு நோட்டு தொங்கியது. எந்த மோட்டாருக்கு எத்தனை சுற்று, எந்தக் கனத்தில் கம்பி என்று குறித்து வைக்கிற வைண்டிங் நோட்டு. மிருதுளா அதைத் திருப்பினாள். பம்ப்புகளுக்கெல்லாம் பிறகு கடைசி இரண்டு பக்கங்கள்.

இடது பக்கத்தில், அக்கா கை. உப்பு ஒன்றே கால் பங்கு. வெந்தயம் கருகும் வரை. பெருங்காயம் கட்டியாகவே. கோபமாக இருக்கும்போது வைத்த மாதிரி காரம்.

வலது பக்கத்தில், தன்யா கை. புளி பாதி. மிளகாயைக் காட்டினால் போதும். எண்ணெய் கண்ணில் படக் கூடாது. ஊறுகாய் ஊறும் முன்பே எடுத்துவிட வேண்டும்.

இடது பக்கத்தைப் படித்தபோது இந்த மனிதனின் நாக்கு எவ்வளவு துல்லியம் என்று தன்யஸ்ரீ வியந்தாள். ஒரு எழுத்துத் தப்பு இல்லை. வலது பக்கத்தைப் படித்தபோது அவளுக்குக் காது சூடானது. பக்கத்தில் மிருதுளா வலது பக்கத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தாள், இடது பக்கத்துக்கு வந்ததும் தலை நின்றது. ஆளுக்கு ஒரு குற்றத்தை, அளவு மாறாமல், அடுத்தவள் கை என்று நம்புவதற்காகவே போட்டுப் போட்டுச் சமைத்திருக்கிறார். சரியாகச் சமைக்கத் தெரிந்த ஒருவரால்தான் இவ்வளவு சரியாகத் தப்புச் செய்ய முடியும்.

விரல்களில் இருந்த சூட்டுத் தழும்புகளை அவள் இப்போதுதான் எண்ணிப் பார்த்தாள். கம்பி பற்றவைக்கும்போது பட்டது என்று அவர் சொன்னதை எல்லாம் நம்பியிருந்தாள். திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் பாதி எங்கோ போய்விட்டது. மீதிப் பாதியைப் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

"அஞ்சு மணிக்குள்ள, இந்தக் குடும்பத்துல நான் இல்லன்னு நீங்க மட்டும்தான் ஆட்சேபணை எழுதிக் குடுக்க முடியுமாம்" என்றாள். "இல்லாட்டி நீங்கதான் குடும்பத் தலைவி. ஒரு பேட்டரி தூக்கிப் போடணும்னாலும் நாங்க உங்க கட்டைவிரலத்தான் கேட்டு நிக்கணும்."

யஸ்வந்த், அவர்கள் இருவரையும் ஒரே குடும்பமாகப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிரத் தான் வேறு எதற்கும் ஆசைப்படவில்லை என்று தரையைப் பார்த்துச் சொன்னார். தலைவி பட்டம் அக்காவுக்கே இருக்கட்டும், இல்லை தன்யாவுக்கே இருக்கட்டும் என்றார். சொல்லும்போதே அது எவ்வளவு அபாயமான வாக்கியம் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மிருதுளா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தன்யஸ்ரீ தாமிரக் கம்பிச் சுருள் மேல் ஒரு சாக்கை விரித்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு தட்டுகள் கேட்டு வாங்கி, இரண்டு வாணலிகளிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துத் தின்று பார்த்தார்கள். தன்யஸ்ரீ மிருதுளாவின் தட்டிலிருந்தும், மிருதுளா தன்யஸ்ரீயின் தட்டிலிருந்தும். வார்னிஷ் வாசனை லேசாக இருந்தது. இல்லாவிட்டால்தான் ருசி குறைந்திருக்கும் போலத் தோன்றியது.

"டேய் யஸ்வந்து" என்றாள் மிருதுளா, விரலை நக்கிக்கொண்டு. "ஒளிவு மறைவு இல்லாம சொல்லு. எங்க ரெண்டு பேருல யார் கை நல்லாருக்கும்?"

"ஆமாங்க, சொல்லுங்க" என்றாள் தன்யஸ்ரீ.

ஒன்பது வருஷமாக எந்தக் கேள்விக்குத் தப்பி ஓட இந்த அறைக்குள் அடுப்புப் பற்ற வைத்தாரோ, அது இப்போது இரண்டு தட்டுகளோடு அவர் முன்னால் உட்கார்ந்திருந்தது. யஸ்வந்த் இந்த முகத்தையும் அந்த முகத்தையும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஆட்சேபணை தெரிவிக்க இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.